அந்தப் பறையடிக்கிற பள்ளிக்கூடம் எப்படி?

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், பட்டா மாறுதல் மனு, நகைக்கடன் விண்ணப்பம் என்று காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை தட்டச்சுதான். மகளைப் பழைய பள்ளியிலிருந்து எடுத்து வேறு இடத்தில் சேர்த்த நாளிலிருந்து, பிரிண்ட் வரும் வரை உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கேட்பது தலைப்பில் இருக்கிற கேள்வியைத்தான். “பிள்ளை படிக்குதா, இல்ல கொட்டுதான் அடிக்குதா?” என்று இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டுக் கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பள்ளியின் பெயரைப் போடவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை என்று வைத்திருக்கிறார்கள், இதைப் படித்துவிட்டு ஊரே போய் நின்றால் அவர்களுக்குத் தொல்லை. தவிர, குறைகளையும் எழுதப்போகிறேன். உள்ளூர்க்காரர்களுக்கு எதுவென்று சொல்லாமலே தெரியும்.

எனக்கு அந்தப் பள்ளி தெரியவந்ததே கடையில்தான். 2023 டிசம்பர். கைத்தறிப் புடவை கட்டிய ஓர் அம்மா, கோடு போட்ட தாளில் எட்டு வரி எழுதிக்கொண்டு வந்தார். பெரிய எழுத்தில், ஏ3 தாளில் வேண்டும் என்றார். முதல் வரி, “தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது.” ஏதோ விடுதி விதிமுறை போல என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். இரண்டாவது, “ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது.” அங்கேதான் விரல் நின்றது. அப்புறம் சட்டை, பனியன் போடக் கூடாது. தலைமுடியைக் கத்தரிக்கக் கூடாது. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

“என்னம்மா இது?” என்றேன்.

“1930 டிசம்பர்ல நம்ம ராமநாதபுரம் ஜில்லாவுல ஆதி திராவிட மக்களுக்கு மேல்சாதிக்காரங்க போட்ட தடைங்க. அப்ப சிவகங்கை தனி மாவட்டம் இல்லையே, நாமளும் அந்த ஜில்லாதான்” என்றார். 1931 சென்சஸுக்குக் கமிஷனராக இருந்த ஹட்டன் இதை எழுதிவைத்திருக்கிறாராம். அடுத்த ஜூனில் எட்டைப் பதினொன்று ஆக்கினார்களாம். அந்தப் பதினொன்றில் ஒன்று, அந்தப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது.

எத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், ஆயிரம் ஜன்னல் வீடு, ஐந்நிலைக் கோபுரம் என்று சுற்றுலாத் துண்டறிக்கை எத்தனை அடித்திருக்கிறேன். இந்த எட்டு வரியை அன்றைக்குத்தான் முதல் முறையாக அடித்தேன். யாருக்கு இது என்று கேட்டேன். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்றார். சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்படவில்லை. “வெள்ளிக்கிழமை வந்து பாருங்களேன்” என்று சொல்லிவிட்டு, சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

போனேன். மழை இல்லை, நல்ல வெயில். அத்தனை பிள்ளைகளும் குடையோடு வந்திருந்தார்கள். பூப்போட்ட குடை, மடக்குக் குடை, ஒருவன் மட்டும் அவன் தாத்தாவின் கறுப்புக் குடை, கம்பி ஒன்று துருத்திக்கொண்டு, அவனைவிட அது பெரிது. காலில் செருப்பு. பெண் பிள்ளைகள் தலையில் பூ, பையன்கள் சிலர் காதிலும் பூ. கையில் எவர்சில்வர் டம்ளர். தடை ஒவ்வொன்றையும் ஒரு பிள்ளை சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் அந்தப் பொருளைத் தூக்கிக் காட்டினார்கள். குடைக்கு வந்தபோது நாற்பதும் ஒரே நேரத்தில் விரிந்தன. பேச்சு எதுவும் இல்லை. பிறகு குடையைப் பிடித்தபடியே தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

சரி, இது மட்டும் பார்த்துவிட்டு யாரும் பள்ளி மாற்றமாட்டார்கள். எனக்கு வேறு ஒரு உறுத்தல் இருந்தது. அதே வருடம் ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய செய்தி வந்ததே, அந்த வாரம் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் வேனிலிருந்து இறங்கி வந்து, “அம்மா, நாம என்ன கலர்?” என்று கேட்டாள். வேனில் பெரிய அண்ணன்கள் சாதிக்கொரு நிறமாகக் கையில் கட்டியிருக்கும் கயிற்றைப் பற்றிக் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கயிற்றையெல்லாம் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. அதற்குள் நான் பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அந்தப் பள்ளியைத் தனியாகக் குற்றம் சொல்ல மாட்டேன். கயிறு கடையிலும் விற்கிறது. நான் அடித்துக் கொடுக்கும் பேனர்களிலும் அந்த நிறங்கள்தான் பின்புலம்.

இப்போது பள்ளிக்கு வருவோம்.

இடம் ஒரு நகரத்தார் வீடு. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிப் போட்டு வௌவால் அடைவதற்குப் பிள்ளைகளாவது ஓடட்டும் என்று குறைந்த வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மாடிக்குப் பூட்டு. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு மட்டும் பள்ளிக்கு. வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தில் நான்கு மூலையில் நான்கு வகுப்பு, முகப்பில் ஒன்று. பர்மா தேக்குத் தூண் ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் உயரம் அளந்த சுண்ணாம்புக் கோடு. வீட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை படைப்புக்கு, அதாவது முன்னோரைக் கும்பிடுகிற படையலுக்கு, குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள், அந்த மூன்று நாளும் பள்ளி விடுமுறை. “படைப்பு லீவு” என்று வேறு எந்தப் பள்ளி நாட்காட்டியிலும் பார்க்க முடியாது.

இந்த ஊர் வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு. என் அப்பத்தா இப்படி ஒரு வீட்டில் நெல் அவித்து, அரிசி புடைத்தவர். முப்பது வருடம் போய் வந்தாராம், முன்வாசல் பக்கம் என்ன நிறக் கல் பதித்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் முதல் நாள் மகளைக் கூட்டிப் போனபோது, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கம் என்று பின்தெரு வழியாகப் போய்விட்டேன். பின்கதவு அடைத்திருந்தது. பிள்ளைகள் எல்லாரும் முகப்பு வழியாகத்தான் வர வேண்டும், சமைக்கிறவர்களும் அப்படியே, அது விதி என்றார்கள். மழை நாளில் அரை கிலோமீட்டர் சுற்றிப் போகும்போது எரிச்சலாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர்கள் நாலு பேர். மிஸ், சார் கிடையாது. அக்கா, அண்ணன். அன்று கடைக்கு வந்தவர்தான் பெரியக்கா, ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. சமச்சீர்ப் புத்தகங்கள்தான். ஆனால் காலையில் மட்டும். மதியத்துக்குப் பிறகு புதன்கிழமை ஓலை வேலை, வியாழன் நாடகம், வெள்ளி பறையும் ஒயிலாட்டமும். ஓலை வேலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆச்சி வருகிறார். சாயம் போட்ட பனை ஓலையைக் கிழித்துக் கொட்டான் முடையச் சொல்லித் தருகிறார். என் மகள் முடைந்த முதல் கொட்டானில் எலுமிச்சம்பழம் வைத்தால் கீழே விழும். இப்போது பரவாயில்லை, கடையில் ரப்பர் ஸ்டாம்பு போட்டுவைக்கும் அளவுக்குத் தேறியிருக்கிறது.

மகள் சேர்ந்து பத்துப் பதினைந்து நாளில் கண்டதேவித் தேர் ஓடியது. 2024 ஜூன். தேவகோட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அந்தத் தேரின் கதை தெரியும். வடம் யார் பிடிப்பது என்று சண்டை, வழக்கு, பல வருடம் தேர் நிலையை விட்டே நகரவில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்டு, தெரு முழுக்கப் போலீஸ் நிற்க ஓடியது. அன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது என்று மகள் சொன்னாள். வளவில் ஒரு கனமான மர பெஞ்சு. அதன் மேல் அரிசி மூட்டை. தேங்காய் நார்க் கயிறு கட்டி, முதலில் “சட்டை நீலமா இருக்கிறவங்க மட்டும் இழுங்க” என்றிருக்கிறார்கள். ஆறு பேர், நகரவில்லை. “பேர் ‘ம’வில் ஆரம்பிக்கிறவங்க மட்டும்.” நாலு பேர், நகரவில்லை. கடைசியில் எல்லாரும். பெஞ்சு நகர்ந்தது மட்டுமில்லை, தூணில் போய் மோதி ஒரு கால் ஆடிப்போயிற்றாம். மகளுக்கு அந்தக் கால் ஆடியதுதான் கதையின் முக்கியப் பகுதி. இதைத்தான் பாடமென்று சொல்கிறார்களா என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

மதியச் சாப்பாடு பள்ளியில்தான். தினமும் இரண்டு வீட்டார் முறைவைத்து வந்து சமைக்க வேண்டும். அரிசி, பருப்பு பள்ளியில் இருக்கும், காய் மட்டும் முறைக்காரர்கள். எந்த வீடு என்றைக்கு என்று பட்டியல் போட்டு ஒட்டுவார்கள். பாதிப் பேர் கழன்றுகொள்கிற இடம் இதுதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஒரு காரணம். நேரம் மட்டும்தான் காரணமா என்று கேட்டால் எல்லாருக்கும் பதில் தெரியும். என் மாமியாரே, “செவ்வாக்கிழம யாரு வீட்டு மொற?” என்று முதல் மாதம் விசாரித்தார். நான் தெரியாது என்றேன். தெரியும்.

போன வருட ஆண்டு விழா நாடகத்தை இதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கதை, சேரன்மாதேவி குருகுலம். வ.வே.சு. ஐயர் நடத்திய தேசிய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, தனித் தண்ணீர்ப் பானை என்று 1924, 25-ல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளப்பிய பிரச்சினை. அந்தக் குருகுலத்தில் வேலை பார்த்து, பிடிக்காமல் வெளியே வந்த ஜீவா, பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரானவர், நேரே நம் பக்கம் வந்து சிறாவயலில் ஆசிரமம் நடத்தினார். 1927-ல் காந்தி அங்கேயே போய் அவரைப் பார்த்தார். மஞ்சுவிரட்டுக்கு வருடா வருடம் சிறாவயல் போகிற எங்கள் வீட்டு ஆண்களில் ஒருவருக்கும் இது தெரியாது. நானும் நாடகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

என் மகளுக்கு வேடம், பானை. ஆமாம், பானைதான். இரண்டு பானைகளில் ஒன்று. பழுப்பு அட்டையைச் சுற்றிக்கொண்டு இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், காசு கட்டிச் சேர்த்தால் பிள்ளைக்கு வசனம் இல்லாத வேடமா என்று. நாடகம் முடிகிற இடத்தில் ஒரு பையன் தாகமாக வந்து எந்தப் பானையில் குடிப்பது என்று நிற்கிறான். அப்போது இரண்டு பானைகளும் ஒன்றையொன்று பார்த்து, “ஏய், ஒன்கிட்ட இருக்கிறது எந்தக் கெணத்துத் தண்ணி?” “ஒன்கிட்ட இருக்கிற அதே கெணத்துத் தண்ணிதான்” என்று பேசிக்கொண்டன. கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவர் பேரன் மேடையில் இன்னொரு பானை.

பறை விஷயம். எங்கள் சாதி எது என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் மகள் பறையை வீட்டுக்கு எடுத்து வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று சொன்னால் நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள்.

கற்றுக்கொடுக்கிறவர் அறுபது வயதைத் தாண்டியவர். ஊர்ச் சாவுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர். பிள்ளைகள் ஆசான் என்று கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் ஒரு மாதம் வரை அவர் முகப்புத் திண்ணையில் உட்காராமல் படியிலேயேதான் உட்கார்ந்திருப்பாராம், யார் சொல்லியும் ஏறவில்லையாம். பிள்ளைகளும் படியிலேயே உட்கார ஆரம்பித்ததும் இடம் போதாமல் எல்லாருமாக மேலே ஏறிவிட்டார்கள் என்று பெரியக்கா சொன்னார்.

அவர் வகுப்பை ஒரு நாள் முழுக்க நின்று பார்த்தேன். முதல் கால் மணி நேரம் அடியே இல்லை. வளவில் ஒரு மூலையில் வைக்கோலைக் கொளுத்தி, ஒவ்வொரு பறையாகத் தீயின் முன் காட்டிச் சூடேற்றுகிறார்கள். காட்டுவது, விரலால் தட்டுவது, மறுபடி காட்டுவது. ஈரம் இருக்கும்போது தோல் ‘பொத்’ என்கிறது. சூடு ஏற ஏறக் குரல் மேலே போய், ஒரு கட்டத்தில் வெண்கலத்தில் தட்டியதுபோல் ‘கண்’ என்கிறது. அந்த இடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். ரொம்பக் காட்டினால் தோல் போய்விடும். ஒரு கையில் நீளமான சிம்புக் குச்சி, இன்னொரு கையில் குட்டையான அடிக்குச்சி. தெம்மாங்கு அடி, சாமிச்சாட்டு அடி என்று வாயால் முதலில் சொல்லி, அப்புறம்தான் கை. சாவுக்கு அடிப்பதையும் சொல்லிக்கொடுக்கிறாரா என்று கேட்டேன். “அதையும்தான், அதுவும் அடிதானம்மா” என்றார்.

மகள் பயிற்சிக்கென்று ஒரு பறையை வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தாள். பஸ்ஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். வீட்டு வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். “ஆத்தா, அத வெளிய வச்சுட்டு வா” என்றார். சத்தம் போடவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு வா என்பதுபோல் சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள். இந்த இடத்தில் நான் வீரமாக ஏதாவது பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. அவள் அப்பா சிங்கப்பூரில், நானும் மாமியாரும்தான் வீட்டில், ராத்திரி சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். மகள் திண்ணை ஆணியில் பறையை மாட்டிவிட்டு, தானும் திண்ணையிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். தினமும் அப்படித்தான். பறை இன்றைக்கும் உள்ளே வரவில்லை. ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி தூறல் விழுந்தபோது எழுந்து போனேன், எனக்கு முன்னால் மாமியார் எழுந்து அரிசிச் சாக்கை மடித்து அதன் மேல் போட்டுக்கொண்டிருந்தார். “நமத்துப் போச்சுன்னா அந்தப் புள்ள அழும்” என்றார். காலையில் பழையபடி அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டுதான் கோலம் போட்டார்.

நல்லதையே சொல்லிக்கொண்டு போகிறேன். குறைக்கு வருகிறேன்.

கணக்கு. போன வருடம் ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த கலவை, அதற்கு மேல் ஈரக் கலவை போட்டு வழித்து, காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிற வேலையை ஆளுக்கொரு கல் செய்து பார்த்தார்கள். சூளை கிடையாது. பளபளப்பு முழுக்க அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது என்று மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். பத்து அங்குலக் கல், பன்னிரண்டுக்குப் பத்தடி அறை, எத்தனை கல் வேண்டும்? 173 என்று குழுவாகப் போட்டுவிட்டு, உடைசலுக்குப் பத்து சேர்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு கல் போட்டால் கூலி எவ்வளவு, கடையில் விலை எவ்வளவு என்றும் கேட்டு, இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டமாக வரைந்து சுவரில் ஒட்டினார்கள். அந்த எண்களை இங்கே போட்டால் பட்டறைக்காரர் என் கடைக்கு வருவதை நிறுத்திவிடுவார்.

எல்லாம் சரி. அதே வாரம் கடையில் ஒருவர் 63 ரூபாய் வேலைக்கு இருநூறு நீட்டினார். மகளிடம் மீதி கொடுக்கச் சொன்னேன். விரலை மடக்கி, மேலே பார்த்து, 147 கொடுத்தாள். 173 கல் கணக்குப் போட்ட அதே பிள்ளை. வாய்ப்பாடு எட்டுக்கு மேல் வரவில்லை. பெரியக்காவிடம் போய்க் கேட்டதற்கு, பொருள் புரிந்தால் தானாக வரும் என்றார். தானாக வரவில்லை. இப்போது சாயங்காலம் கடையில் வீணாய்ப் போன ஏ4 தாளின் பின்பக்கத்தில் பதினாறாம் வாய்ப்பாடு வரை நான் எழுத வைக்கிறேன். சேர்க்க நினைப்பவர்கள் இதற்கு வீட்டில் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வெட்கப்படாமல் சொல்கிறேன், மனப்பாடமும் வேண்டும். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியாமல் போனால் அதற்கு ட்யூஷன் வைக்க ஆளில்லை. அதுவும் சமூக நீதிதானே என்று கூட்டத்தில் கேட்டேன். ஒரு அண்ணன் குறித்துக்கொண்டார். ஜனவரியிலிருந்து காலையில் பத்து நிமிடம் வாய்ப்பாடு ஓடுகிறது.

ஆங்கிலம் சுமார். கணினி என்றால் ஒரே ஒரு பழைய பெட்டி, அதுவும் நான் கொடுத்தது.

இன்னொரு குறை, எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு வாசகம் எழுதித் தொங்கவிடுவது. பிள்ளை மயில் வரைந்தால் மயிலாகவே இருக்கட்டுமே. மயில் கையில் ‘சமத்துவம்’ என்று ஒரு பலகையைக் கொடுத்தால்தான் சுவரில் இடம் என்றால் அது ஓவிய வகுப்பு இல்லை, என் கடை. பெரியக்கா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதையும் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மழைக்காலம் சிரமம். வளவு வானம் பார்த்தது, ஐப்பசி கார்த்திகையில் நடுவில் குளம் நிற்கும். தாழ்வாரத்தில் ஓடு விட்டுப்போன இடங்களில் வாளி வைத்திருப்பார்கள். கழிப்பறை இரண்டுதான். சுத்தமாக இருக்கிறது, பெரியக்கா உள்பட எல்லாரும் முறைபோட்டுக் கழுவுகிறார்கள், ஆனால் நாற்பது பேருக்கு இரண்டு போதாது. வேன் இல்லை.

எனக்கு நிஜமாகவே உறுத்தியது ஆசிரியர் சம்பளம். மகளுக்கு ரொம்பப் பிடித்த ஓர் அக்கா நடு வருடத்தில் நின்றுவிட்டார். கேட்டால், மாதம் ஒன்பதாயிரம். ஜவுளிக் கடையில் நிற்கிற பெண்ணுக்கே அதைவிடக் கூட. கல்லுக்குக் கூலி எவ்வளவு என்று பிள்ளைகளைக் கேட்க வைக்கிறீர்களே, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் அக்காவின் சம்பளத்தையும் வரைவீர்களா என்று கேட்டேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. பெரியக்கா எழுந்து போய்க் கணக்கு நோட்டை எடுத்து வந்து நடுவில் வைத்தார். கட்டணம் அங்கே முடிந்ததைக் கொடுப்பது, ஒரே மாதிரி உறையில், பெயர் எழுதாமல். யார் எவ்வளவு என்று தெரியாது. மொத்தம் மட்டும் தெரியும், அந்த மொத்தத்தைப் பார்த்தால் ஒன்பதாயிரமே அதிசயம். பழைய பள்ளிக்கு வருடம் 42,000 கட்டியவள், இங்கே மாதம் 1,200 போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வரும்போது எனக்கு என் உறைதான் நினைவுக்கு வந்தது. இப்போது 1,800 போடுகிறேன். சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, போதுமான அளவுக்கு இல்லை. போன அக்கா திரும்பி வரவில்லை.

அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, ஐந்தாம் வகுப்பு வரை. சான்றிதழைச் சட்டம் போட்டு முகப்பில் மாட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்கு எமிஸ் எண், அதாவது கல்வித் துறையின் மாணவர் பதிவு எண், உண்டு, மாற்றுச் சான்றிதழ் ஒழுங்காக வரும். ஆறாம் வகுப்புக்கு எங்கே போவது என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், கடையில் விண்ணப்பம் போட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய், இரண்டுக்கும் பார்ப்பது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதை. ஐந்து வரை இங்கே இருந்துவிட்டு ஆறில் அரசுப் பள்ளிக்குப் போனால் ஒன்றும் நட்டமில்லை. நான் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் மூன்றரை. அந்த ஒன்றரை வாய்ப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் மழைத்தண்ணீருக்கும்.

சின்னவனையும் வருகிற ஜூனில் அங்கேதான் சேர்க்கப்போகிறேன்.

சேர்க்கை ஏப்ரலில். நுழைவுத் தேர்வெல்லாம் இல்லை. பெற்றோர் இரண்டு நாள் போய் அங்கேயே இருந்து, ஒரு நாள் சமைத்துவிட்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனால் பறை வகுப்பையும் பார்க்கலாம். பிள்ளைக்குத் தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று கொண்டுவரச் சொல்வார்கள். பாத்திரக் கடையில் வாங்கும்போது பெயர் வெட்டாததாகக் கேட்டு வாங்குங்கள், எல்லாத் தட்டும் ஒரே அடுக்கில்தான் போகும், யாருக்கு எது வரும் என்று சொல்ல முடியாது. இது தெரியாமல் நான் என் கல்யாணச் சீர்த் தட்டை, அம்மா பெயரும் தேதியும் வெட்டியதை, முதல் நாளே கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் வரை மகளைத் தினமும் விசாரித்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கு அது யாருக்கு வந்தது என்று. ஒரு நாள் ஆசானுக்கு வந்ததாம், இன்னொரு நாள் அந்தக் கறுப்புக் குடைப் பையனுக்கு. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன்.